பச்சோந்திக்கு உங்கள் பாசம் வேண்டாம்

நாய் வளர்த்தால் இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பூனையும் அப்படித்தான். லவ்பேர்ட்ஸ், தங்கமீன் எல்லாம் அப்பா காலத்துச் சமாச்சாரம். எதிர் ஃபிளாட்காரர் வாயைப் பிளக்க வேண்டும் என்றால் புதுசாக ஏதாவது வேண்டியிருக்கிறது. இகுவானா வந்தது, மலைப்பாம்பு வந்தது. அந்த வரிசையில் இப்போது பச்சோந்தி.

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு எழுந்திருக்கலாம். எட்டாவது படிக்கிற பையன் செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, 'அப்பா, ப்ளீஸ்ப்பா! அது குரைக்காதுப்பா, முடி கொட்டாதுப்பா, வாக்கிங் கூட்டிக்கிட்டுப் போகவேண்டாம்ப்பா' என்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருக்கலாம். அவன் சொல்கிற மூன்றும் உண்மைதான். ஆனால், 'சரிடா' என்று தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். நான் சொல்லப்போவது ஒரே விஷயம். வேண்டாம்.

முதலில், எதைப் பச்சோந்தி என்கிறோம் என்பதில் ஒரு தெளிவு தேவை. வேலியில் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டு, கழுத்தைச் சிவப்பாக்கிக் காட்டுகிறதே, அது ஓணான். அதையே பச்சோந்தி என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். உண்மையான பச்சோந்தி வேறு ஆள். இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழலும். ஒன்று உங்களைப் பார்க்கும்போது இன்னொன்று பின்னால் வருகிற பூச்சியைப் பார்க்கும். கால்கள் இடுக்கி மாதிரி கிளையைக் கவ்விக்கொள்ளும். வால் சுருள்வில் போலச் சுருண்டிருக்கும். ஓர் அடி எடுத்துவைப்பதற்குள் நாலு தடவை முன்னும் பின்னும் ஆடும், காற்றில் அசையும் இலை போல. உலகத்தில் 200-க்கும் அதிகமான பச்சோந்தி இனங்கள் இருக்கின்றன. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை மடகாஸ்கர் என்ற ஒரே தீவில். இந்தியாவுக்கு வாய்த்தது ஒன்றே ஒன்றுதான். நம்மூர் முட்புதர்களிலும் தோப்புகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழ்கிற அந்த ஒன்று.

அதைப் பிடித்துவந்து வளர்க்கலாமா? கூடாது. 1972-ம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே குற்றம். ஜெயிலுக்கும் போக நேரலாம். 'எங்க ஊர்லேருந்து ஒரு பையன் பிடிச்சுக் கொடுத்தான், சும்மாதான் வெச்சிருக்கேன்' என்பதெல்லாம் ரேஞ்சர் முன்னால் எடுபடாது.

'அதான் தெரியுமே, நான் வாங்கப்போறது வெளிநாட்டு அயிட்டம்' என்பவர்களுக்கு வருகிறேன். ஏமன், சவுதி பக்கத்து மலைகளைச் சேர்ந்த, தலையில் கொண்டை வைத்த 'வெய்ல்டு' பச்சோந்தி. மடகாஸ்கரின் 'பேந்தர்' பச்சோந்தி. உலகச் சந்தையில் இந்த இரண்டுக்கும்தான் கிராக்கி. இவையும் கேட்பாரற்ற சரக்கு அல்ல. பச்சோந்திக் குடும்பம் மொத்தமும் சைட்டிஸ் என்கிற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. 2022-ல் நம் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024-ல் விதிமுறை வந்தது. இந்த மாதிரிப் பிராணி வைத்திருப்பவர்கள் அரசாங்கத்திடம் பதிவுசெய்துகொள்ள வேண்டும். குட்டி பொரித்தாலும் செத்துப்போனாலும் கைமாற்றிக் கொடுத்தாலும் சொல்ல வேண்டும். பாங்காக்கிலிருந்து வரும் விமானங்களில், சூட்கேஸுக்குள் சாக்ஸுக்கும் சட்டைக்கும் நடுவில் பல்லி, பாம்பு, ஆமை, குரங்கு என்று திணித்துக்கொண்டு வந்தவர்களைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பலமுறை பிடித்திருக்கிறது. வழியிலேயே செத்துப்போனவையும் உண்டு. கடைக்காரர் உங்களிடம் நீட்டுகிற பச்சோந்தி எந்த சூட்கேஸில் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றுவார்.

ஆனால், சட்டத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்துவது என் நோக்கமில்லை. எல்லா பேப்பரும் பக்காவாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்று கேளுங்கள்.

*

நம் அரசியலில் பச்சோந்தி ரொம்ப அடிபட்ட பெயர். கட்சி மாறினால் பச்சோந்தி, கொள்கை மாறினால் பச்சோந்தி. 1985-ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் கொண்டுவந்ததற்குப் பிறகும் இந்தத் திட்டுக்கு வேலை குறையவில்லை. இதைவிடப் பெரிய அவதூறு வேறு கிடையாது. இடத்துக்குத் தகுந்த மாதிரி நிறம் மாற்றி ஏமாற்றுகிறது என்பதே தப்பு. சிவப்புத் துணியில் வைத்தால் சிவப்பாகவும் கட்டம் போட்ட லுங்கியில் வைத்தால் கட்டம் கட்டமாகவும் அது மாறாது.

அதன் நிறம் மாறுவதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று உடம்புச் சூடு. குளிர் எடுத்தால் கறுத்து, வெயிலை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு, மனநிலை. எதிரியைக் கண்டால் ஒரு நிறம், துணையைக் கண்டால் ஒரு நிறம், தோற்றுப்போனால் ஒரு நிறம். 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் பேந்தர் பச்சோந்தியின் தோலுக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். தோலில் பொடிப்பொடியாகப் படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அமைதியாக இருக்கும்போது அவை நெருக்கமாக இருக்கும். உடம்பு பச்சையாகத் தெரியும். உணர்ச்சிவசப்படும்போது படிகங்களுக்கு நடுவே இடைவெளி கூடும். பச்சை மறைந்து மஞ்சள், ஆரஞ்சு வரும். 

அதாவது, பச்சோந்தி பொய் சொல்கிற பிராணி அல்ல. பொய்யே சொல்லத் தெரியாத பிராணி. மனசில் இருப்பதை அப்படியே தோலில் போஸ்டர் ஒட்டிக் காட்டிவிடுகிறது.

இப்போது அந்த வீடியோக்களை இன்னொரு தடவை பாருங்கள். விரலால் சீண்டுகிறார்கள். முகத்துக்கு நேரே கண்ணாடியைக் காட்டுகிறார்கள். அது கறுக்கிறது, புள்ளி புள்ளியாக மாறுகிறது, உடம்பை உப்பவைத்து வாயைப் பிளந்து சீறுகிறது. 'வாவ், கலர் மாறுது பாரு!' என்று கைதட்டுகிறோம். கண்ணாடியில் தெரிகிற தன்னையே எதிரி என்று நினைத்து அது பதறிக்கொண்டிருக்கிறது. பயத்தையும் ஆத்திரத்தையும் சொல்வதற்கு அதற்கு இருக்கிற பாஷை அது ஒன்றுதான். நாம் அதைக் கலர் டி.வி. மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

*

சரி, 'நான் சீண்டமாட்டேன், ராஜா மாதிரி வைத்துக்கொள்வேன்' என்கிறீர்கள். வாங்கியே விட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாட்டிலிருந்து ஆரம்பிப்போம்.

உயிரோடு இருக்கிற பூச்சிதான் வேண்டும். அசைகிற பூச்சியைக் கண்டால்தான் அதன் நாக்கு பாயும். உடம்பு நீளத்தைவிட அதிகமாகவே நீளும் நாக்கு. கண் இமைப்பதற்குள் போய்த் திரும்பிவிடும். நுனியில் இருக்கிற பசை மனிதர்களின் எச்சிலைவிட 400 மடங்கு கெட்டியானது என்று 2016-ல் அளந்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட வேட்டைக்காரனுக்குத் தினசரி சப்ளை செய்ய வேண்டியவர் நீங்கள். குட்டிக்கு ஒவ்வொரு நாளும், பெரியதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். அதனால் பச்சோந்தி வளர்ப்பவர் முதலில் சுவர்க்கோழி வளர்க்க வேண்டும். ராத்திரி முழுக்க 'க்ரீச் க்ரீச்' என்று கத்துமே, அதேதான். அது பெட்டியிலிருந்து நாலு தப்பித்தால் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போய்க் கச்சேரி வைக்கும். உங்கள் வீட்டு அம்மணி அதை எத்தனை நாள் பொறுத்துக்கொள்வார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

'அடுப்படியில் கரப்பான் இருக்கே, அதைப் போட்டால் போச்சு' என்று ஒரு குரல் கேட்கிறது. போன வாரம் நீங்கள் அடித்த ஸ்ப்ரே அந்தக் கரப்பானின் வயிற்றில் இருக்கிறது. மறுநாள் பச்சோந்தியின் வயிற்றில் இருக்கும்.

சுவர்க்கோழியை அப்படியே போட்டாலும் ஆபத்துதான். அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அதனால் சுவர்க்கோழிக்கு முதலில் கீரையும் காயும் கொடுத்துத் தேற்ற வேண்டும். பிறகு இட்லிக்குப் பொடி தடவுகிற மாதிரி கால்சியம் பவுடரில் புரட்டிக் கொடுக்க வேண்டும். தின்னாமல் விட்ட பூச்சிகளை ராத்திரிக்குள் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தூங்குகிற பச்சோந்தியின் தோலைப் பூச்சி கடிக்கும். யார் யாரைச் சாப்பிடுகிறார்கள் என்பதே தலைகீழாகிவிடும்.

அவ்வளவு கால்சியம் போட்டும் அது எலும்பில் போய்ச் சேர வேண்டும் என்றால் வைட்டமின் டி வேண்டும். அதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும். 'ஜன்னலோரம் நல்ல வெயிலில்தான் வைத்திருக்கிறேன்' என்பார்கள். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும். தேவையான அந்தக் கதிரைப் பெரும்பாலும் தடுத்துவிடும். அதற்கென்று தனி விளக்கு வாங்க வேண்டும். அந்த விளக்கும் சில மாதங்களில் வீரியம் இழந்துவிடும். பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருக்கும். கதிர் மட்டும் வராது. உங்களுக்குத் தெரியாது. பச்சோந்தியின் எலும்புக்குத் தெரியும். கால்கள் வளையும். தாடை ரப்பர் மாதிரி ஆகும். நாக்கை நீட்ட முடியாமல், எதிரில் இருக்கிற பூச்சியைப் பார்த்துக்கொண்டே பட்டினி கிடக்கும். கூண்டில் வாழும் பச்சோந்திகளுக்கு அதிகமாக வருகிற வியாதிகளில் இது ஒன்று. வியாதி என்பதைவிட, வைத்திருப்பவரின் கவனக்குறைவுக்குப் பச்சோந்தி கட்டுகிற வட்டி என்று சொல்லலாம்.

தண்ணீர்? கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் பெரும்பாலும் அதற்குத் தண்ணீர் என்றே தெரியாது. இலையில் சொட்டுகிற பனித்துளியையும் மழைத்துளியையும் நக்கிக் குடித்துப் பழகிய வம்சம். தினம் இரண்டு மூன்று வேளை இலைகளில் தண்ணீர் தெளிக்க வேண்டும், சொட்டுச் சொட்டாக விழ ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்காகக் கூண்டு எப்போதும் ஈரமாகவே இருந்தால் நுரையீரலில் சளி கட்டும். மீன்தொட்டி மாதிரிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் காற்றோட்டம் போதாது. அதன் பிம்பமே அதைப் பயமுறுத்தும். வலைக் கூண்டு, உயரமான செடிகள், ஒரு மூலையில் சூடு, இன்னொரு மூலையில் குளிர்ச்சி. நீங்கள் ஆபீஸ் போனாலும், ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனாலும், கரன்ட் கட் ஆனாலும் இதெல்லாம் நடக்க வேண்டும்.

பெண் பச்சோந்தி என்றால் இன்னொரு கண்டம். வெய்ல்டு பச்சோந்திப் பெண், ஆண் துணையே இல்லாவிட்டாலும் முட்டை வைக்கும். இருபதிலிருந்து எண்பது வரை. புதைக்க ஈரமண் வேண்டும். தோண்ட இடமில்லாமல் அடக்கிவைத்துக்கொண்டால், முட்டை உள்ளேயே தங்கி உயிரையே எடுத்துவிடும்.

இதற்கெல்லாம் டாக்டர் யார்? உங்கள் தெருமுனைக் கால்நடை மருத்துவர் மாட்டையும் நாயையும் நன்றாகப் பார்ப்பார். பச்சோந்தியைக் கொண்டுபோனால் அவரும் உங்களைப் போலவே அதை ஆச்சரியமாகப் பார்ப்பார், பாவம். அதோடு, பச்சோந்திக்கு நோயை மறைக்கிற குணம் உண்டு. காட்டில் பலவீனத்தைக் காட்டினால் பருந்து தூக்கிவிடும். நீங்கள் கவனிக்கிற அளவுக்கு அது சோர்ந்திருந்தால், வியாதி முற்றிவிட்டது என்று அர்த்தம்.

இவ்வளவையும் சரியாகச் செய்கிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். தெர்மாமீட்டர், ஈரப்பதமானி என்று பரிசோதனைச்சாலை மாதிரி அறையையே மாற்றி வருஷக்கணக்கில் காப்பாற்றுகிறவர்கள் உண்டு. அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால், அவர்களை வீடியோவில் பார்த்துவிட்டு வாங்குகிற நூறு பேரும் அவர்களாகிவிட மாட்டார்கள். ஏமனிலிருந்து வந்த வம்சத்துக்கு அண்ணாநகரில் எமனாவதுதான் மிச்சம்.

*

இனி உங்கள் பக்கத்து வாதங்களைப் பார்ப்போம்.

'நாய் வளர்க்கலாம், பச்சோந்தி வளர்க்கக் கூடாதா? இது என்ன நியாயம்?' நாய் மனிதனோடு வாழ ஆரம்பித்துக் குறைந்தது 15,000 வருஷம் ஆகிறது. அது நம் முகத்தைப் படிக்கும், குரலைப் படிக்கும். நாம் வீட்டுக்கு வந்தால் சந்தோஷப்படும். பச்சோந்தி அப்படியல்ல. தன் இனத்தோடுகூடச் சேர்ந்து வாழப் பிடிக்காத தனிக்கட்டை அது. ஜோடி சேரும் நேரம் தவிர இன்னொரு பச்சோந்தியைக் கண்டாலே அதற்கு ஆகாது. சொந்தக்காரனையே சேர்க்காதவன் உங்களைச் சேர்ப்பானா?

'இது கூண்டிலேயே பிறந்தது சார், காட்டையே பார்த்ததில்லை.' இருக்கலாம். வெய்ல்டு பச்சோந்திகளைப் பண்ணைகளில் பொரிக்க வைப்பது உண்மைதான். ஆனால், கூண்டில் பிறந்ததால் அதன் எலும்புக்கு வெயில் தேவையில்லை என்று ஆகிவிடாது. ஜெயிலில் பிறந்த குழந்தைக்கு ஜெயில்தான் ஊர் என்று சொல்வோமா?

'என்கிட்ட ரொம்பப் பாசமா இருக்கு. கையை நீட்டினா ஏறி வந்து தோள்ல உட்கார்ந்துக்கும்.' இதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். பச்சோந்திக்கு உயரத்தில் இருந்தால்தான் பாதுகாப்பு. கைக்கு வரும், தோளுக்கு ஏறும், விட்டால் தலைக்கும் போகும். உங்களை அது மரம் என்று நினைக்கிறது. மரமாக இருப்பதில் தப்பில்லை, நல்ல விஷயம்தான். ஆனால், எந்த மரமும் பச்சோந்தியைப் பூட்டிவைப்பதில்லை.

'குழந்தைக்கு இயற்கையைப் பற்றித் தெரிய வேண்டாமா?' இதுதான் எனக்கு ரொம்பக் கோபம் வருகிற வாதம். கூண்டுக்குள் ஒன்றை வைத்துக் காட்டினால் குழந்தை கற்றுக்கொள்வது இயற்கையை அல்ல. அழகாக ஒன்றைப் பார்த்தால் வாங்கிவிடலாம், வாங்கினால் அது நம்முடையது என்பதைத்தான். மடகாஸ்கரில் லபோர்ட் பச்சோந்தி என்று ஒன்று இருக்கிறது. எட்டு ஒன்பது மாதம் முட்டைக்குள்ளேயே கழித்துவிட்டு, வெளியே வந்தபின் நாலைந்து மாதத்தில் வளர்ந்து, ஜோடி சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். 2008-ல் இதை உலகத்துக்குச் சொன்னவர்கள் கூண்டு வைத்துக் கண்டுபிடிக்கவில்லை. காட்டுக்குப் போய், பொறுமையாகக் காத்திருந்து கண்டுபிடித்தார்கள்.

கடைசியாக ஒன்று. அலுத்துப்போனவர்கள் என்ன செய்வார்கள்? 'காட்டிலே விட்டுடலாம், புண்ணியம்' என்பார்கள். அந்தப் புண்ணியத்துக்கு ஹவாய்த் தீவில் ஒரு கதை இருக்கிறது. 1972-ல் கென்யாவிலிருந்து சில டஜன் ஜாக்சன் பச்சோந்திகள் விற்பனைக்காக அங்கே போயின. பயணத்தில் வாடிப்போய் வந்து இறங்கிய அவற்றை, கொஞ்சம் தேறட்டும் என்று வீட்டுத் தோட்டத்தில் விட்டார் வாங்கியவர். தேறின. நன்றாகவே தேறி, மற்ற தீவுகளுக்கும் பரவி, அந்த மண்ணுக்கே உரிய நத்தைகளையும் பூச்சிகளையும் தின்றுகொண்டிருக்கின்றன. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் வெய்ல்டு பச்சோந்திகள் இதே மாதிரி வெளியே பெருகிவிட்டன. வெளிநாட்டுப் பச்சோந்தி கூண்டுக்குள் இருந்தால் அதற்குக் கஷ்டம், வெளியே விட்டால் ஊருக்குக் கஷ்டம். ஆக, ஆரம்பத்திலேயே வாங்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

*

பச்சோந்திமேல் உண்மையிலேயே ஆசை இருக்கிறதா? நம்மூர்ப் பச்சோந்திக்கு உங்களால் ஆகவேண்டியது நிறைய இருக்கிறது. விஷம் என்று நினைத்து அதை அடித்துக் கொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்கு விஷம் கிடையாது. இதை உங்கள் சொந்த ஊரில் நாலு பேரிடம் சொல்லுங்கள். ரோட்டைக் கடக்க அது எடுத்துக்கொள்கிற நேரத்தில் பத்து பைக் போய்விடும். அப்படி ஒன்றைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டி, ஒரு குச்சியை முன்னால் நீட்டுங்கள். தானாக ஏறிக்கொள்ளும். அது போய்க்கொண்டிருந்த பக்கத்துப் புதரில் இறக்கிவிட்டு நடையைக் கட்டுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஊர்ப் பக்கம் நிலம் இருந்தால், 'சுத்தம் செய்கிறேன்' என்று வேலியோரத்துப் புதர் முழுவதையும் ஜே.சி.பி. விட்டு வழிக்காதீர்கள். உங்களுக்கு அது குப்பை. அதற்கு வீடு.

பையனிடம் என்ன சொல்வது? 'வாங்கித் தரமாட்டேன், ஆனா காட்டறேன்' என்று சொல்லுங்கள். லீவில் ஊருக்குப் போகும்போது, விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இருட்டியபின் தோப்போரம் டார்ச்சோடு நடங்கள். தூங்குகிற பச்சோந்தி வெளுத்துப்போய்க் கிளை நுனியில் வாலைச் சுருட்டிக்கொண்டிருக்கும். வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். முதல் நாளே கிடைக்காது. இரண்டாம் நாளும் கிடைக்காமல் போகலாம். கிடைக்கிற அன்றைக்குப் பையன் முகத்தைப் பாருங்கள். தொட வேண்டாம், எழுப்ப வேண்டாம். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்துவிடுங்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டு பேர் கையும் காலியாக இருக்கட்டும்.